பத்து இடம்

வரம்பால் நடந்து வீட்டுக்கு வந்து
கால் கழுவக் குனிந்தபோதுதான் கண்டேன்,
இடக்காலில் செருப்பில்லை.

மறுநாள் பக்கத்து வயல் புவிராசா
மதகடியில் கிடந்ததென்று எடுத்து வந்து தந்தான்.
"வெறுங்காலா நடந்தது கூடவா தெரியேல்லை, அக்கா?"
சிரித்தேன்.
இடுப்பில் கிடக்கிற துண்டைச் சொன்னேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் அந்தத் துண்டுதான்.
கடற்கரை மணலில் படுத்திருந்தபோது ஏறியது.
எடுத்தால் நடை போய்விடும் என்றார்கள்,
விட்டுவிட்டேன்.
மாரி தொடங்க இரண்டு நாள் முந்தி உள்ளே இழுக்கும்.
றேடியோக்காரன் பிழைவிடுவான்,
என் இரும்பு விடாது.

அதனால்
தலை சுற்றினால் துண்டு.
கண் மங்கினால் துண்டு.
இரவில் ஐந்து தரம் சலத்துக்கு எழும்பினால்
துண்டு அழுத்துகிறது.
காலில் எறும்பு ஊர்ந்து, பிறகு எறும்பும் போய்,
பஞ்சில் மிதிக்கிற மாதிரி ஒரு நடை வந்தபோது
துண்டு இடம் மாறிவிட்டதென்று
அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன்.

இராசமலர்தான் இழுத்துக்கொண்டு போனாள்
ஒட்டுசுட்டானுக்கு, புதன்கிழமை கிளினிக்குக்கு.
தேத்தண்ணியும் குடிக்காமல் முதல் பஸ்.
இலக்கம் நாற்பத்து மூன்று.
வாங்கில் ஒரு ஐயா
பாண் துண்டை மடியில் ஒளித்து வைத்திருந்தார்
இரத்தம் எடுத்த கையோடு கடிக்க.

தயாநிதி மிஸி துண்டின் கதையைக் கேட்டாள்.
முழுக்கக் கேட்டாள்.
அதுவரை ஒருவரும் முழுக்கக் கேட்டதில்லை.
பிறகு சொன்னாள்:
"அது அங்கேயே கிடக்கட்டும் அம்மா.
காலைக் காட்டுங்கோ."

கையில் ஒரு நூல், மீன் தங்கூசி மாதிரி.
"கண்ணை மூடுங்கோ. முட்டுற நேரம் ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடினேன்.
மேலே காற்றாடி கிறீச்சிட்டது.
பக்கத்து அறையில் ஒரு குழந்தைக்கு ஊசி.
றோட்டால் உழவு மிசின் ஒன்று போனது.
நல்ல பிள்ளையாய் இருந்தேன்,
ஓம் சொல்ல வாயைத் திறந்தபடி.

"எப்ப மிஸி தொடங்கப் போறீங்கள்?"

"முடிஞ்சுது அம்மா.
பத்து இடம் தொட்டனான்."

பங்கருக்குள் காதால் கணக்கு வைத்தவள் நான்.
குத்துகிற சத்தம், விழுகிற சத்தம்,
இடையில் எத்தனை மூச்சென்று தெரியும்.
சீனி வருத்தத்துக்குக்
குத்துகிற சத்தமே இல்லை.

சின்ன விரல் இடுக்கில் ஒரு காரை முள்ளு.
எத்தனை நாளாய் இருந்ததோ, சுற்றிச் சீழ்.
"இன்னும் ஒரு மாதம் போயிருந்தா..." என்றவள்
மிச்சத்தைச் சொல்லாமல்
கொப்பியில் எழுதினாள்.

இப்போது இரவில்
போன் லைற்றை வாயில் கவ்விக்கொண்டு
உடைந்த மோட்டார்சைக்கிள் கண்ணாடியில்
உள்ளங்காலைப் பார்க்கிறேன்.
கலியாணம் கட்டின நாளில் கூட
முகத்தை இவ்வளவு பார்த்ததில்லை.

குளிசை விழுங்குவது சுகம்.
நெல் விளைகிற வீட்டில்
சோற்றைக் குறை என்றால்தான் சண்டை.
சீனியை விட்டேன்,
கையில் பனங்கட்டி நக்கினேன்,
மூன்றாம் மாதம் இரத்தம் காட்டிக்கொடுத்தது.
"பனங்கட்டி என்ன, உப்பா அம்மா?"

நேற்று, களை பிடுங்கிய இடத்தில்
பத்து மணித் தேத்தண்ணி.
துண்டுத் தங்கூசியை எடுத்தேன்.
மிஸியின் நூல் மாதிரி இல்லைதான்.
வரம்பில் காலை நீட்டிக்கொண்டு பெண்கள்,
கண்ணை மூடி,
ஓம், ஓம், கூசுதடி, ஓம்.

கடைசியாய் இராசமலர்.
"என்னை இழுத்துக்கொண்டு போனியே,
நீ இரத்தம் குடுத்தியா?"
"எனக்கென்ன, நான் கல்லு."

பெருவிரலில் தொட்டேன். நடுவில் தொட்டேன்.
குதிக்கால். திரும்பவும் பெருவிரல்.

கண்ணை இறுக்கி மூடி
சிரிப்பை அடக்கிக்கொண்டு
இராசமலர் காத்திருக்கிறாள்.

"தொடங்கன்."